ஒரு நாய்க்கு ஆறு வாத்தியார்கள்

(வீட்டு நாய்களைப் பழக்குவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, காவல்துறை மோப்ப நாய்ப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்று இப்போது பாளையங்கோட்டையில் வசித்துவரும் பயிற்சியாளர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: எங்கள் வீட்டு லாப்ரடாருக்கு எட்டு மாதம் ஆகிறது. பெயர் மணி. கல்லூரியில் படிக்கும் என் மகன் "சிட்" என்றால் உடனே உட்காருகிறது. நானோ என் கணவரோ சொன்னால் காதில் வாங்குவதே இல்லை. என் மாமியார் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அடுத்த மாதம் மகன் விடுதிக்குப் போகிறான். நாய் ஒருவருக்கு மட்டும்தான் கட்டுப்படுமா? (வாசகி, பெருமாள்புரம்)

பதில்: ஒருவருக்குத்தான் கட்டுப்படும் என்பது நம் பக்கத்தில் நெடுங்காலமாக இருந்துவரும் நம்பிக்கை. அதில் பாதி உண்மை. தனக்குப் புரிகிறபடி பேசுகிறவருக்கு நாய் கட்டுப்படும். உங்கள் வீட்டில் அப்படிப் பேசுகிறவர் இப்போதைக்கு உங்கள் மகன் ஒருவர்தான்.

நான் பணியில் இருந்த காலத்தில் ஒரு நாய்க்கு ஒரு கையாளுநர் என்பதே முறை. அவர் விடுப்பில் போனால் பார்த்துக்கொள்ள இன்னொருவர் இருப்பார். அவரும் அதே சொல்லை, அதே குரலில், அதே கையசைவோடு சொல்வார். அதனால், திருடன் போன தடத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும் நாய்க்குக் கட்டளை விஷயத்தில் குழப்பமே கிடையாது. வீட்டு நாய்க்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மகன் ஆங்கிலத்தில் "சிட்" என்பான். அம்மா "உக்காரு" என்பார். அப்பா அலுவலகத்திலிருந்து வந்த களைப்பில் "ஏய், போ அந்தப் பக்கம்" என்பார். ஆச்சி "இருலே, சும்மா இரு" என்பார். நாலு பேரும் எதிர்பார்ப்பது ஒன்றைத்தான். நாயின் காதில் விழுவதோ நாலு வெவ்வேறு சத்தங்கள்.

இதில் "இரு" என்ற சொல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பேச்சில் "இரு" என்றால் உட்கார் என்றும் பொருள், பொறு என்றும் பொருள், பேசாமல் கிட என்றும் பொருள். மனிதர்களாகிய நாம் இடம் பார்த்து விளங்கிக்கொள்கிறோம். வாசலில் நிற்கும் நாயைப் பார்த்து "இரு, வாரேன்" என்று சொல்லிவிட்டு நீங்கள் உள்ளே போகும்போது, அந்த இரண்டு சொல்லுக்குள் "இரு" என்பதும் "வா" என்பதும் ஒன்றாகவே அதன் காதில் விழுகின்றன. அது எதற்குக் கட்டுப்படும்?

பெயரிலும் உங்கள் வீட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. "மணி என்ன ஆச்சு?", "மணி எட்டாயிட்டு, இன்னும் கிளம்பலையா?" என்று ஒரு வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். குட்டியாக இருந்தபோது ஒவ்வொரு தடவையும் மணி தலையைத் தூக்கிப் பார்த்திருக்கும். பார்த்துப் பார்த்து ஒன்றும் நடக்காததால், அந்தச் சத்தத்துக்குத் தன்னிடம் வேலை இல்லை என்று முடிவு கட்டியிருக்கும். எட்டு மாதத்தில் பெயரை மாற்றுவது ஒன்றும் கஷ்டமில்லை. புதுப் பெயரைச் சொன்ன மறுகணமே வாய்க்கு ருசியாக ஏதாவது கொடுத்துவந்தால் இரண்டு வாரத்தில் பழகிவிடும். பாசமாக வைத்த பெயரை மாற்ற மனம் வராது என்றால், நேரம் கேட்பதை நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

இனிச் செய்ய வேண்டியது. வீட்டில் உள்ள அனைவரும் ஒருநாள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தார்சாவில் (முன்கூடத்தில்) உட்கார்ந்து நாலே நாலு சொற்களை முடிவு செய்யுங்கள். தமிழா ஆங்கிலமா என்பது நாய்க்கு ஒரு பொருட்டல்ல. ஆச்சியின் வாயில் இயல்பாக வரும் சொல்லாக இருப்பதுதான் முக்கியம், ஏனென்றால் பகல் முழுவதும் நாயோடு இருப்பவர் அவர்தான். உட்கார "உக்காரு", அருகில் வர "வா", இருந்த இடத்திலேயே நிற்க "அங்கேயே", வாயில் கவ்வியதைக் கீழே போட "போடு" என்று வைத்துக்கொள்ளலாம். "வா", "விடு", "வேண்டாம்" என்று ஒரே வரிசை எழுத்தில் தொடங்கும் சொற்களாக எடுக்காமல், ஓசையில் ஒன்றுக்கொன்று விலகி நிற்பவையாகப் பார்த்து எடுங்கள். அந்த நாலையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள். வீட்டுக்கு வரும் மைனி, சித்தப்பா எல்லோருக்கும் அந்தத் தாள்தான் சட்டம்.

பழக்கும் முறையும் எளிதுதான். தோலும் எலும்பும் நீக்கி, உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த கோழியைப் பட்டாணி அளவுக்குப் பிய்த்துக்கொள்ளுங்கள். (கருவாட்டு மணத்துக்கு எந்த நாயும் மயங்கும் என்பது உண்மை, ஆனால் அதில் உள்ள உப்பு நாய்க்கு ஆகாது.) ஒரு துண்டை நாயின் மூக்கருகே காட்டி, கையை மெல்ல அதன் தலைக்கு மேலே பின்பக்கமாகக் கொண்டுபோனால் தலை நிமிரும், பின்புறம் தானாகவே தரையில் படியும். படிந்த அந்தக் கணத்திலேயே துண்டு வாய்க்குப் போய்விட வேண்டும். ஒரு விநாடி தாமதித்தால் நாய் எழுந்துவிடும். எழுந்ததற்குத்தான் கூலி கிடைத்தது என்று எடுத்துக்கொள்ளும். கையசைவுக்கு உட்காரப் பழகிய பிறகு, அசைவுக்கு முன்னால் "உக்காரு" என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். "உக்காரு, உக்காரு, உக்காருன்னா உக்காரு" என்று சொல்லிக்கொடுத்தால், நாலாவது தடவை உட்கார்ந்தால் போதும் என்பதையே அது கற்றுக்கொள்ளும்.

ஒரு தடவைக்கு மூன்று நிமிடம், கூடிப்போனால் ஐந்து நிமிடம், சாப்பாட்டுக்கு முன்னால், ஒரு நாளைக்கு மூன்று வேளை. முதல் வாரம் மகன் சொல்லட்டும், மற்றவர்கள் பார்க்கட்டும். இரண்டாம் வாரம் ஆச்சி சொல்லட்டும், மகன் வாயைத் திறக்கக் கூடாது. பிறகு இடத்தை மாற்றுங்கள்: புறவாசல், மொட்டைமாடி, தெருவாசல். தார்சாவில் கற்ற பாடம் தெருவிலும் செல்லும் என்று நாய் தானாகத் தெரிந்துகொள்வதில்லை; ஒவ்வோர் இடத்திலும் முதலிலிருந்து கொஞ்சம் சொல்லித்தர வேண்டும். நன்றாகப் பழகிய பிறகு, ஒவ்வொரு முறையும் தின்னக் கொடுப்பதை விட்டுவிட்டு, எப்போது கிடைக்கும் என்று அதற்குத் தெரியாதபடி இடையிடையே கொடுங்கள். சாப்பாட்டுத் தட்டு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் நல்ல வாத்தியார் என்பது என் அனுபவம். உங்கள் மாமியார் மனம் வைத்தால், மகன் விடுதியிலிருந்து முதல் விடுமுறைக்கு வருவதற்குள் காரியம் ஆகிவிடும்.

கேள்வி: என்னிடம் ஒன்றரை வயதுச் சிப்பிப்பாறை நாய் இருக்கிறது. வீட்டில் சொன்னபடி கேட்கிறது. காட்டுப் பக்கம் அவிழ்த்துவிட்டால் எவ்வளவு கத்தினாலும் வருவதில்லை. இரண்டு தடவை கிடை ஆட்டை விரட்டிவிட்டது; மயிலையும் துரத்துகிறது. நாட்டு நாய்க்குப் பயிற்சி ஏறாது, வெளிநாட்டு நாயாகப் பார்த்து வாங்கு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா? (வாசகர், கயத்தாறு)

பதில்: நண்பர்கள் சொல்வது தவறு. லாப்ரடாரின் முன்னோர்கள் சுட்டு வீழ்த்திய பறவையை எடுத்துவந்து மனிதன் கையில் கொடுக்கப் பழக்கப்பட்டவை. ஆள் முகத்தைப் பார்ப்பதே அவற்றின் தொழில். சிப்பிப்பாறையும் கன்னி என்ற நாட்டு இனமும் அப்படி அல்ல. கரிசல் காட்டில் முயல் எழுந்து ஓடினால், எசமானைத் திரும்பிப் பார்க்காமல் கண்ணால் பிடித்துத் தன் முடிவில் பாய்ந்து ஓடுவதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. எந்தக் குணத்துக்காக நம் பெரியவர்கள் அவற்றை வளர்த்தார்களோ, அந்தக் குணத்தையே இன்று கீழ்ப்படியாமை என்று சொல்கிறோம். இராஜபாளையம் நாயின் படத்தோடு 2005ஆம் ஆண்டில் அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. அது நமக்குப் பெருமைதான். ஆனால் தபால்தலையில் இடம்பிடித்த இனம் என்பதற்காக எந்த நாயும் "வா" என்றால் வந்துவிடப் போவதில்லை.

உங்கள் நாய்க்கு "வா" என்ற சொல் எப்படிக் கெட்டுப்போனது என்று முதலில் யோசியுங்கள். காட்டில் ஓடி விளையாடும்போது "வா" என்கிறீர்கள். வந்ததும் கழுத்துப்பட்டையில் சங்கிலியை மாட்டி வீட்டுக்குக் கூட்டிப்போகிறீர்கள். குளிப்பாட்டவும் "வா", மருந்து கொடுக்கவும் "வா". கால்மணி நேரம் தேடவைத்துவிட்டு வந்து நின்றால் ஓர் அடியும் கிடைத்திருக்கும். ஆட்டை விரட்டியதற்காக அடித்தோம் என்று நீங்கள் நினைப்பீர்கள். உங்களிடம் வந்ததற்குத்தான் அடி விழுந்தது என்று நாய் நினைக்கும். அந்தச் சொல்லைக் கேட்டால் அது வேறு திசையில் ஓடுவதில் என்ன அதிசயம்?

ஆகவே பழைய சொல்லைக் கைவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்குங்கள். ஒரு விசில் ஒலியாகவும் இருக்கலாம். வேலி உள்ள வளவுக்குள் இரண்டு பேர் எதிரெதிரே நின்று மாறி மாறிக் கூப்பிட்டு, வரும்போதெல்லாம் தின்னக் கொடுங்கள். ஒரு வாரம் கழித்து, முப்பது அடி நீளமுள்ள கயிற்றை மாட்டிக் காட்டுக்குக் கூட்டிச் செல்லுங்கள். கயிற்றைக் கழுத்தில் கட்டாமல், மார்பைச் சுற்றி வரும் பட்டையில் கட்ட வேண்டும். இந்த நாய்கள் எடுக்கும் வேகத்தில் கயிறு சட்டென்று தீர்ந்தால் கழுத்தெலும்பு தாங்காது. கூப்பிட்டு வந்தால் கோழித் துண்டு ஒன்று கொடுத்து, உடனே "போ" என்று மறுபடி விளையாட விடுங்கள். பத்து தடவை கூப்பிட்டால் ஒன்பது தடவை திருப்பி விட வேண்டும். உங்களிடம் வந்தால் விளையாட்டு முடிந்துவிடாது என்று அதற்குத் தெரிந்துவிட்டால் பாதிப் பயிற்சி முடிந்தமாதிரி. தப்பித்தவறிக் கைவிட்டு ஓடினால் பின்னால் துரத்தாதீர்கள். உங்களைவிட வேகமாக ஓடும் பிராணியைத் துரத்துவது அதற்கு விளையாட்டு. குரல் கொடுத்துக்கொண்டே எதிர்த்திசையில் ஓடுங்கள்.

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு பழக்கினாலும், கண்ணெதிரே முயலோ மயிலோ கிளம்பினால் இந்த இனம் நூற்றுக்கு நூறு திரும்பி வரும் என்று நான் உறுதி தரமாட்டேன். மயில் நம் நாட்டின் தேசியப் பறவை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ளது. கிடை போட்டிருக்கும் இடத்திலும் மயில் மேயும் புஞ்சையிலும் கயிற்றை அவிழ்க்கவே கூடாது. ஆடு செத்தால் ஆட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

கேள்வி: விருந்தாளி வந்தால் எங்கள் நாய் மேலே தாவி வேட்டியெல்லாம் அழுக்காக்கிவிடுகிறது. (வாசகர், தென்காசி)

பதில்: தாவும்போது கையால் தள்ளுகிறீர்கள், சத்தம் போடுகிறீர்கள், இரண்டும் அதற்குக் கொஞ்சல்தான். வருகிறவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மரம்போல் நிற்கட்டும். நாலு காலும் தரையில் பட்ட பிறகு தடவிக்கொடுக்கட்டும். விருந்தாளியைப் பழக்குவதுதான் கடினம்; "பரவாயில்ல, நாய் எனக்குப் பிரியம்" என்று அவர் கொஞ்சத் தொடங்கிவிட்டால் உங்கள் பத்து நாள் பாடு வீண். அதுவரை கதவைத் திறக்கும் முன் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் பெரியப்பா வயலடி வீட்டில் ஒரு நாயைக் குட்டியிலிருந்தே பகல் முழுதும் மாமரத்தடியில் சங்கிலியில் கட்டிப்போட்டிருக்கிறார். கட்டிப்போட்டால்தான் காவலுக்கு உக்கிரம் வரும் என்கிறார். சொன்னது கேட்காவிட்டால் புளியம் விளாறால் அடிக்கிறார். நான் சொன்னால் "நீ பொறக்கும் முன்னாலயே நான் நாய் வளர்த்தவன்" என்கிறார். எப்படிப் புரியவைப்பது? (வாசகர், அம்பாசமுத்திரம்)

பதில்: பெரியப்பாவிடம் சட்டத்திலிருந்து தொடங்க வேண்டாம், கோபம்தான் வரும். ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்: 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி, பிராணியை அடித்துத் துன்புறுத்துவதும், நியாயமற்ற நேரத்துக்குக் குட்டைச் சங்கிலியில் கட்டிவைப்பதும், எப்போதும் கட்டிப்போட்டு வளர்க்கும் நாயைப் போதிய அளவு உலாத்தாமல் விடுவதும் குற்றம்.

அவரிடம் காவலைப் பற்றிப் பேசுங்கள். காவல் நாய் வீட்டார் யார், பால்காரர் யார், அந்நியர் யார் என்று பிரித்தறிய வேண்டும். நாள் முழுதும் ஆறடிச் சங்கிலிக்குள் கிடக்கும் நாய்க்கு அந்த வித்தியாசம் தெரிய வாய்ப்பே இல்லை. அருகே வருவது எதுவானாலும் விலகி ஓட அதற்கு வழி கிடையாது என்பதால், பயத்தில் பாய்கிறது. அதைத்தான் உக்கிரம் என்று நினைக்கிறோம். சங்கிலி அறுந்த அன்று அது கடிப்பது திருடனையாக இருக்காது; பெரும்பாலும் பக்கத்து வீட்டுக் குழந்தையாக இருக்கும்.

அடியைப் பற்றி: நானும் இளவயதில் அடித்துப் பழக்கியவன்தான், மறைக்கவில்லை. அடித்துப் பழக்கிய நாய் என் கையில் விளாறு இருக்கும்வரை கேட்டது. விளாறு இல்லாதபோது கையின் எட்டத்துக்கு அப்பால் நின்று என்னைப் பார்த்தது. செய்த தவறுக்குப் பத்து நிமிடம் கழித்து அடித்தால் அது எதற்கென்று நாய்க்கு விளங்காது. அப்போது காதை மடக்கித் தலையைக் குனிவதைப் பார்த்து "தப்பு செஞ்சது தெரியுது" என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அது நம் கோபத்தைக் கண்டு பணிவதே தவிர, குற்ற உணர்வு அல்ல. பெரியப்பா மனம் கோணாதபடி ஒரு யோசனை: காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் நாயை உங்களிடம் விடச் சொல்லுங்கள். வரப்போரம் நடத்தி, "உக்காரு", "அங்கேயே" இரண்டையும் பழக்கிவிட்டு அவர் முன்னால் செய்துகாட்டுங்கள். வாதத்தைவிட அது எளிதில் எடுபடும்.

கேள்வி: சோறு தின்னும்போது யாராவது அருகில் போனால் எங்கள் நாய் உறுமுகிறது. மூன்று வயதுப் பேத்தி வீட்டில் இருக்கிறாள். உறுமும்போது தட்டைப் பிடுங்கிவிட வேண்டும் என்கிறார்களே? (வாசகி, சங்கரன்கோவில்)

பதில்: பிடுங்கவே கூடாது. யாராவது வந்தால் சோறு பறிபோகும் என்று அது பயப்படுகிறது. பிடுங்கினால் அந்தப் பயம் சரிதான் என்று நீங்களே நிரூபித்ததாகிவிடும். உறுமலுக்காகவும் அடிக்கக் கூடாது. உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடித்து அடக்கிவிட்டால் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும்.

நாய் தின்னும் நேரத்தில் குழந்தை அந்தப் பக்கமே போகாதபடி, புறவாசலில் கதவைச் சாத்தி வையுங்கள். இதற்கு விதிவிலக்கே கிடையாது. தனியாகப் பெரியவர் ஒருவர் மட்டும், நாய் விறைக்காத தூரத்தில், ஏழெட்டு அடி தள்ளி நின்று, தட்டில் உள்ள வெறும் சோற்றைவிட ருசியான கோழித் துண்டு ஒன்றை வீசிவிட்டுத் திரும்பிப் போக வேண்டும். ஆள் வந்தால் தட்டில் கூடுதலாகத்தான் விழும் என்று தெரிந்ததும், உறுமிய நாய் வாலை ஆட்டும். அதன்பிறகே ஒவ்வோர் அடியாக நெருங்கலாம். இதற்கு வாரக்கணக்கில் ஆகும். உடல் விறைப்பது, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது, அவசரமாக விழுங்குவது இவையெல்லாம் உறுமலுக்கு முந்திய அடையாளங்கள். கண்டால் விலகிவிடுங்கள். ஏற்கெனவே கடித்திருந்தால் இதை நீங்களாகச் செய்ய வேண்டாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாய் கடித்தது சிறிய கீறலாக இருந்தாலும், தடுப்பூசி போட்ட வீட்டு நாயாகவே இருந்தாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ வைத்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடக் கூடாது.

கேள்வி: எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடையில் (திருவிழாவில்) வேட்டுப் போட்டதும் நாய் கட்டிலுக்கு அடியில் புகுந்து நடுங்குகிறது. போன வருடம் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, மூன்று நாள் கழித்துத்தான் கிடைத்தது. (வாசகர், திசையன்விளை)

பதில்: ஓசையின் கூர்மையை அளக்கும் ஹெர்ட்ஸ் கணக்கில் நமக்கு 20,000 வரைதான் கேட்கும், நாய்க்கு 45,000 வரை கேட்கும். நாம் அம்மனுக்குப் போடும் வேட்டு அதற்குக் காரணம் தெரியாத இடி. பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் கூடும் என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். அருகில் உட்கார்ந்து ஆறுதல் தரலாம்.

கொடைக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே, கைப்பேசியில் பதிவு செய்த வேட்டுச் சத்தத்தை, காதில் விழுந்தும் விழாத அளவுக்குக் குறைத்துவைத்துச் சாப்பாட்டு நேரத்தில் ஒலிக்க விடுங்கள். தின்பதை நிறுத்தாத அளவுக்குள் நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கூட்டலாம். நிறுத்தினால் அன்று பாதியாகக் குறைத்துவிட வேண்டும். கொடையன்று வெளிச்சம் இருக்கும்போதே நடத்திக் கூட்டிவந்து, உள்ளறையில் சன்னல்களைச் சாத்தி, மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் போட்டு, அது விரும்பும் மூலையில் இடம் விடுங்கள். கட்டிப்போட வேண்டாம். கழுத்துப்பட்டையில் உங்கள் கைப்பேசி எண்ணை எழுதிவையுங்கள். நடுக்கம் தாங்க முடியாத நாய்களுக்குக் கால்நடை மருத்துவர் மாத்திரை தருவார். வீட்டில் பெரியவர்கள் போடும் தூக்க மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கும் வேலை மட்டும் கூடாது.

கேள்வி: ஆறு மாதம் ஆன பிறகுதான் பயிற்சி தொடங்க வேண்டுமா? எங்கள் குட்டிக்கு ஐம்பது நாள்தான் ஆகிறது. தடுப்பூசி முழுதும் முடியும்வரை வெளியே விடக் கூடாது என்றும் மருத்துவர் சொல்லியிருக்கிறார். (வாசகர், மேலப்பாளையம்)

பதில்: இன்றைக்கே தொடங்குங்கள். மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காவது வாரம்வரை குட்டி எதையெதையெல்லாம் பயமில்லாமல் பார்க்கிறதோ, அவை பெரும்பாலும் ஆயுள் முழுதும் அதற்குப் பயம் தருவதில்லை. நீங்கள் காத்திருக்க நினைக்கும் ஆறு மாதத்தில் அந்தக் கதவு எப்போதோ மூடியிருக்கும். பெயர் சொன்னால் திரும்பிப் பார்ப்பது, உட்காருவது, காலையும் காதையும் தொட்டுப் பார்க்க விடுவது, வாயில் உள்ளதைப் போடுவது என இந்த நாலும் ஐம்பது நாள் குட்டிக்கு ஏறும். ஒரு தடவைக்கு ஒரு நிமிடம் போதும்.

மருத்துவர் சொன்னதும் சரிதான். குட்டிகளின் உயிரைப் பறிக்கும் பார்வோ நோய்க் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பிற நாய்கள் உலவும் தெருவில் குட்டியை இறக்கிவிடக் கூடாது. இறக்கிவிடத்தானே கூடாது? துண்டு விரித்த ஒரு கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு, வெயில் தாழ்ந்த பிறகு திருநெல்வேலி வண்ணாரப்பேட்டைப் பக்கம் போய், பேருந்து ஹாரனும் ஆட்டோ இரைச்சலும் கொஞ்சம் தள்ளிக் கேட்கும் இடமாகப் பார்த்துப் பத்து நிமிடம் நில்லுங்கள். தலைப்பாகை கட்டியவர், பர்தா அணிந்தவர், ஊன்றுகோல் பிடித்த தாத்தா, சீருடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் என ஒவ்வொருவராகக் கடந்து போகும்போதெல்லாம், கூடைக்குள் ஒரு கோழித் துண்டைப் போடுங்கள்.